டிரம் போட்டதும் ஜெனரேட்டர் இறங்குது, ஏவிஆர் (வோல்டேஜைச் சீரா வைக்கற போர்டு) மாத்தணுமா?

பேரணாம்பட்டு டேனரி:
எங்க தோல் ஷாப்ல 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், இன்ஜின் வேகத்தைப் பாத்துக்கறது மெக்கானிக்கல் கவர்னர். காலியா ஓடுறப்போ 52 ஹெர்ட்ஸ் ஆடாம நிக்குது. தோல் பதப்படுத்தற டிரம்மோட மோட்டாரைப் போட்டா கொஞ்ச நேரத்துல 46க்கு இறங்கி, வோல்டேஜும் விழுந்து டிரிப் ஆகுது. குரோம் போட்ட டிரம் பாதியில நின்னா தோல் திட்டுத் திட்டா ஆயிடும், பயமா இருக்கு. எலக்ட்ரீஷியன் ஏவிஆர் போச்சுங்கறார். வாங்கிடலாமா?

ராணிப்பேட்டை மெக்கானிக்:
வாங்காதீங்க பாய். நாலு போல் ஆல்டர்னேட்டர்ல (கரண்ட் உண்டாக்கற பாகம்) 50 ஹெர்ட்ஸ்னா 1500 ஆர்பிஎம். 46னா இன்ஜினே 1380ல திணறுது. ஹெர்ட்ஸ் இறங்கினா ஏவிஆர் தானாவே வோல்டேஜைக் குறைக்கும், அதுக்கு அப்படித்தான் செட்டிங். புகை எப்படி? கருப்புன்னா காத்து பத்தலை, இல்ல லோடு ஜாஸ்தி. புகையே இல்லாம இறங்கினா டீசல் வந்து சேரலை.

பேரணாம்பட்டு டேனரி:
கரும்புகை இல்லண்ணே. ஃபில்டரும் புதுசுதான்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
அப்போ டேங்க் பக்கம் பாருங்க. மூடியைத் திறந்து வெச்சு ஓட்டுங்க, வென்ட் (டேங்குக்குக் காத்து போற ஓட்டை) அடைப்புன்னா அதுலயே தெரிஞ்சிடும். இல்லன்னா ஒரு கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி, பம்புக்கு மேல உயரமா வெச்சு, தனி ஹோஸ்ல ஃபீட் பம்புக்கு நேரா கொடுங்க. ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே திருப்பிடுங்க. உள்ளே சிக்கின காத்து போக, ஃபில்டர் தலையில இருக்கற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, நுரை அடங்கி வெறும் டீசல் வர்ற வரைக்கும் ஹேண்ட் பம்ப் அடிங்க. சைலன்சர் கிட்ட மட்டும் கேன் வேணாம்.

ஆற்காடு ரைஸ் மில்:
எங்க மில்லுலயும் மார்கழியில இப்படித்தான் ஆச்சு. டேங்க் பாதி காலியா கிடந்தா பனியில உள்ளே வேர்த்து, அடியில தண்ணி தங்கிடுது. ரொப்பியே வைங்க பாய்.

பேரணாம்பட்டு டேனரி:
மூடி திறந்தும் அதேதான். கேன்ல கொடுத்ததும் டிரம்மை இழுத்துட்டுப் போச்சு! டேங்க் அடியைத் திறந்தா முதல்ல தண்ணி, அப்புறம் கருப்பா கொழகொழன்னு பாசி. உறிஞ்சுற பைப் வாயில சல்லடை முழுக்க அதே பாசி.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
அதேதான். டேங்கை இறக்கிக் கழுவி, நல்லா காயவிட்டு மாட்டுங்க. ஃபில்டரையும் மாத்திடுங்க, பாசி அங்கேயும் போயிருக்கும். வடிச்ச கசடை பாலாத்துப் பக்கம் ஊத்திடாதீங்க, கழிவு ஆயில் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க.

பேரணாம்பட்டு டேனரி:
முடிச்சாச்சுண்ணே. இப்போ காலியா 52, டிரம் ஏறினா 50. இந்த ரெண்டு இறங்கறது சரியா?

ராணிப்பேட்டை மெக்கானிக்:
மெக்கானிக்கல் கவர்னருக்கு அது சரிதான். கவர்னர் ஸ்க்ரூல கை வைக்காதீங்க.