மறுமொழி: பிரி-பிரி சாஸ் – ‘பிலிபிலி ஊறுசாறு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புடையீர்,

சிறு மிளகாயை அரைத்துச் செய்யும் பிரி-பிரி சாஸுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் நான்கு நாள்களாக வந்த மடல்களைப் படித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன். அந்தச் சாஸை அரைத்து, கோழித்துண்டுகளை அதில் ஊறவைத்து, சுட்டு, பன்னுக்குள் வைத்து வீட்டார் எல்லாரும் உண்ட பிறகே இதை எழுதுகிறேன். ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று பாராமல் அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

முதலில், இதே சாஸுக்குப் பலர் எழுதும் ‘பெரி-பெரி’. இதை நாம் ஏற்கவே கூடாது. தென்னாப்பிரிக்க ஆங்கில வழக்கில் வளர்ந்த எழுத்துக்கூட்டல் அது. 1987இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய நாண்டோஸ் உணவகத்தோடு உலகெங்கும் பரவியது. தமிழில் எழுதினாலோ, பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் முதலெழுத்தே இரண்டையும் பிரித்துக் காட்டும். நமக்கு இருப்பது ஒரே ‘பெ’. நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோயின் பெயரை உணவுப் பட்டியலில் அச்சிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போர்ச்சுகீசியர் எழுதும் ‘பிரி-பிரி’ இதைவிட மேல்; ஆனால் தமிழ்க் கண்ணுக்கு அது ‘பொட்டலத்தைப் பிரி’ என்னும் ஏவலாகவே தெரிகிறது.

‘ஆப்பிரிக்கக் காரச்சாறு’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். எளிமையான சொல்தான். ஆனால் இந்தச் சாற்றின் கதை ஒரு கண்டத்துக்குள் அடங்குவதில்லை. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதை மொசாம்பிக்குக்கும் அங்கோலாவுக்கும் கொண்டுபோனவை போர்ச்சுகீசியக் கப்பல்கள். அங்கே ஊன்றி வளர்ந்த சிறு மிளகாயோடு பூண்டும் எலுமிச்சையும் எண்ணெயும் சேர்ந்தன. 1975இல் அந்த இரு நாடுகளும் விடுதலை பெற்றபோது அங்கிருந்து வெளியேறிய போர்ச்சுகீசியர்கள் லிஸ்பனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தச் சுவையை எடுத்துச் சென்றார்கள். இன்று போர்ச்சுகலின் அல்கார்வ் பகுதியில் கியா என்னும் சிற்றூருக்குப் புகழ் தருவது கரியில் சுட்ட இந்தக் கோழிதான். பெயரில் ஒரு நாட்டையோ கண்டத்தையோ ஒட்டினால் பாதிக் கதையாவது உதிர்ந்துபோகும்.

ஆகவே மூலச் சொல்லுக்கே போவோம். சுவாகிலி மொழியில் ‘பிலிபிலி’ என்றால் மிளகு. மிளகாய்க்கும் அதே சொல்தான். கருமிளகை மட்டும் குறிக்க வேண்டுமானால் ‘பிலிபிலி மங்கா’ என்று அடை சேர்ப்பார்கள். அரபியில் ஃபில்ஃபில், பாரசீகத்தில் பில்பில் என்று பின்னோக்கி நடந்தால் வடமொழியின் பிப்பலியில் வந்து நிற்போம். அதுதான் நம் திப்பிலி! இந்தியப் பெருங்கடலின் இக்கரையிலிருந்து கொடியில் காய்க்கும் ஒரு காரப்பொருளின் பெயர் புறப்பட்டு, அக்கரையில் செடியில் காய்க்கும் வேறொரு காரப்பொருளின் மேல் போய் அமர்ந்திருக்கிறது. நாமும் அதைத்தானே செய்தோம்? புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரைக் கொடுத்து மிளகாய் என்றோம். சுவாகிலிக்காரர்களும் தமிழர்களும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே முறையில் சொல்லாக்கம் செய்திருக்கிறார்கள். இதைக் கண்ட நாள் முதல் ‘பிலிபிலி’ எனக்கு அயற்சொல்லாகப் படவில்லை. முன்னொட்டாக அதையே வைத்துக்கொள்வோம்.

இனி ‘சாஸ்’. குழம்பு, துவையல், தொடுகறி, மிளகாய்க்காடி என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. குழம்பும் துவையலும் வேறு பண்டங்களுக்கு உரியவை. அவற்றைப் பிடுங்க வேண்டாம். ‘மிளகாய்க்காடி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வினிகருக்குக் காடி என்னும் பழஞ்சொல்லை மீட்டதற்காகவே அதை எழுதிய அம்மையாருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வினிகரே இல்லாமல் எலுமிச்சைச் சாற்றை மட்டும் கொண்டும் இதைச் செய்கிறார்கள். அப்போது பெயர் பொய்யாகிவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். 12 சிறு செம்மிளகாயும் 6 பல் பூண்டும் தோலில் கரும்புள்ளி விழும்வரை வாணலியில் வாட்டினேன். அவற்றோடு ஒரு எலுமிச்சையின் சாறு, 60 மி.லி. வினிகர், 2 தேக்கரண்டி பாப்ரிகா தூள், 1 தேக்கரண்டி ஒரிகானோ, உப்பு. இவை மசிந்ததும், மிக்ஸி ஓடும்போதே 100 மி.லி. எண்ணெயை நூல் போல விட்டேன். எண்ணெயும் புளிப்பும் கலந்து பால்மமாக (எமல்ஷன்) திரண்டன. ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தபின் மிளகாயின் பச்சை முரட்டுத்தனம் அடங்கிப் பூண்டு முன்னே வந்தது.

மறுநாள் அதை மூன்று பங்காக்கினேன். முதல் பங்கில், எலும்பு நீக்கித் தடிமன் ஒன்றுபோல் தட்டிய 4 தொடைத்துண்டுகள் 4 மணி நேரம் கிடந்தன. (இரவெல்லாம் வைக்க வேண்டாம், புளிப்பு ஏறி மேற்புறம் மாவு போலாகும்.) இரண்டாம் பங்கைச் சுடும்போது மேலே தடவினேன். வெப்பமானி இறைச்சியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கினேன். மூன்றாம் பங்கை மயோனைஸோடு குழைத்து, வாட்டிய பன்னின் இரு பக்கமும் பூசினேன். பச்சைக் கோழி கிடந்த முதல் பங்கைக் கொட்டிவிட வேண்டும். அதை மேசைக்குக் கொண்டுவருவது ஆபத்து.

ஒரே சாறு, ஊறவைக்க, தடவ, தொட்டுக்கொள்ள என மூன்று வேலை. ‘தொடுகறி’ கடைசி வேலையை மட்டும் சொல்கிறது. மூன்றையும் அணைக்கும் சொல் என்று நான் முன்வைப்பது ‘ஊறுசாறு’.

ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. ஊறிய சாறு, ஊறுகின்ற சாறு, ஊறும் சாறு என முக்காலமும் அதில் அடங்கும். இரவு முழுதும் தானே ஊறியது, கோழியை ஊறச்செய்கிறது, உண்பவர் நாவில் நீர் ஊறும். இத்தோடு நிறுத்தியிருந்தாலே மனம் நிறைந்திருப்பேன். ஆனால் ‘ஊறு’ என்பதற்கு ஐம்புல உணர்வுகளில் தொடு உணர்வு என்றும் பொருள் உண்டு. காரத்தை அறுசுவையில் ஒன்றாகப் பழகிவிட்டோம். உடலியல்படி அது நாவின் சுவைமொட்டுகள் அறியும் சுவை அன்று. மிளகாயிலுள்ள கேப்சைசின், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. நாக்கு சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது. அந்த ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. காரம் என்பது தொடுகை, சூடு, வலி. அதாவது ஊறு. இவ்வளவு பொருத்தம் ஒரு சொல்லில் தானாக வந்து அமைவது அரிது.

‘ஊறு என்றால் தீங்கு அல்லவா?’ என்று நம் இலக்கண ஆசிரியர் கேட்பார் என்று தெரியும். ஐயா, ஊறுகாயைக் கண்டு யாரும் அஞ்சவில்லை. அடுத்து வரும் சொல்தான் பொருளை முடிவு செய்கிறது.

பர்கரைப் ‘பொதியப்பம்’ ஆக்கும் முயற்சியை விட்டுவிடலாம். ஹாம்பர்க் நகரப் பெயரிலிருந்து வந்த பெயர்ச்சொல் அது, செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. ‘பிலிபிலிக் கோழி பர்கர்’ என்றால் படிப்பவருக்குப் புரியும்.

நம் சொற்பட்டியலில் சேர்க்க என் வரைவு: ‘பிலிபிலி ஊறுசாறு – சிறு செம்மிளகாய், பூண்டு, எலுமிச்சை அல்லது காடி, எண்ணெய் சேர்த்து அரைத்த பால்மம், இறைச்சியை ஊறவைக்கவும், சுடும்போது தடவவும், உண்ணும்போது தொட்டுக்கொள்ளவும் பயன்படுவது.’

இதில் ‘தடவவும்’ என்னை உறுத்துகிறது. சுடும் இறைச்சி காயாதிருக்க, திருப்பும்போதெல்லாம் தூரிகையால் சாற்றை விட்டுவிட்டு ஏற்றும் செயல் அது. தடவுதல், பூசுதல், மெழுகுதல் மூன்றுமே ஒருமுறை செய்து முடிப்பதாகத் தொனிக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டும் வினைச்சொல் உங்கள் யாருடைய வீட்டு வழக்கிலாவது இருக்கிறதா? இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அது வரும்வரை வரைவை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்