உதகை லோயர் பஜாரில் இருந்த போட்டோ ஸ்டுடியோ யாருக்காவது நினைவிருக்கிறதா?

காந்தல்மழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் காந்தலில் பிறந்து வளர்ந்தவன். 1994-ல் கோவைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டேன். போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது (அம்மா இப்போது இல்லை) கல்யாணப் புடவை மடிப்புக்குள் ஒரு கருப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. அப்பா கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா பக்கத்தில் நிற்கிறார், முன்னால் முக்காலி மேல் நான். பின்பக்கம் தாத்தாவின் கையெழுத்தில் 15-1-80 என்று இருக்கிறது, அதாவது பொங்கலுக்கு மறுநாளோ என்னவோ. அதற்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டுடியோவின் பெயர் இருந்த இடம் ஆல்பத்துப் பசையோடு உரிந்து போய்விட்டது. 'ஸ்டுடியோ, லோயர் பஜார், உதகை' என்பது மட்டும் மிச்சம்.

அந்த ஸ்டுடியோ எந்த இடத்தில் இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு அங்கேதான் போட்டோ எடுத்தேன், 1991-ல். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் ஒரு புளிப்பு வாடை. சுவரில் ரசம் போன கண்ணாடி, அதற்குக் கீழே சின்னப் பலகையில் ஒரு சீப்பும் குட்டிக்குரா பவுடர் டப்பாவும். ஆணியில் ஒரு கருப்புக் கோட்டு தொங்கும், யார் வந்தாலும் ஸ்டுடியோக்காரர் அதைத்தான் மாட்டி விடுவார். அப்பா போட்டிருப்பதும் அதே கோட்டுதான் என்று இப்போதுதான் புரிகிறது, அப்பாவிடம் கோட்டு இருந்ததே இல்லை. பின்னால் படுதாவில் ஒரு ஏரி, இரண்டு அன்னங்கள், ஒரு தூண். படுதாவின் இடது ஓரத்தில் கோணலாக ஒரு தையல் தெரிகிறது, கிழிந்து தைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் ஒரு கரி அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், மேலே பெரிய அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர். வருகிறவர்கள் குளிர் காயத்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு வியாபாரி எதற்கு அவ்வளவு கரியை எரிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இருந்த மற்ற கடைகளைப் பற்றி எழுதினாலும் சந்தோஷம்.

இந்துநகர்ப்பிள்ளை எழுதியது:

அண்ணா, படித்ததும் என்னமோ போல ஆகிவிட்டது. நீங்கள் சொல்லும் கடை, சந்தைக்கடை மாரியம்மன் கோவிலிலிருந்து பஜாருக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் இருந்தது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் ஏப்ரல் தேர்த் திருவிழாவுக்குப் போகும்போது ஷோகேஸில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களை நின்று பார்ப்போம். நூறு சதவீதம் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

எனக்கு உங்கள் படத்தைப் பற்றி வேறொரு ஆசை. அது அச்சான பேப்பர் எங்கள் பிலிம் பேக்டரியில் செய்ததாக இருக்குமோ என்று. அப்பா 1968-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார், உற்பத்தி தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர்கள் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று முழுப்பெயர் சொல்வார்கள், எங்களுக்கு எப்போதும் பிலிம் பேக்டரிதான். எக்ஸ்ரே பிலிம், ரோல் பிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்துதான் போனது. பிரான்சிலிருந்து பவுஷே கம்பெனிக்காரர்கள் வந்து கற்றுக்கொடுத்த தொழில் அது. தூசி இல்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்றுதான் மலைமேல் கட்டினார்கள் என்பார் அப்பா.

அப்பாவுக்கு இருட்டில் வேலை. கும்மிருட்டு என்றால் நிஜமாகவே ஒன்றும் தெரியாத இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டால் மொத்தச் சுருளும் வீண். நடக்கும்போது எதிரில் வருபவர் மேல் மோதாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே போவார்களாம். அந்தப் பழக்கம் வீட்டிலும் இருந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் நாங்கள் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருப்போம், அப்பா எழுந்து "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய், எதையும் தட்டாமல், அலமாரியில் மூன்றாவது தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்துவிடுவார். பேக்டரி மூடியபிறகும் அப்படித்தான், கடைசி வரைக்கும் அப்படித்தான்.

ஷிப்ட் முடியும் நேரத்தில் பிங்கர்போஸ்ட் வரைக்கும் பஸ்ஸாக வரும். சம்பள நாளில் அந்தப் பஸ்ஸில் வந்தவர்களை நம்பித்தான் பஜாரில் பாதிக் கடைகள் ஓடின. இப்போது கூடலூர் பஸ்ஸில் அந்த கேட்டைத் தாண்டும்போது நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.

குன்னூர் மவுண்ட்ரோடு எழுதியது:

தம்பி, கரி அடுப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 1984-லிருந்து ஏழு வருஷம் குன்னூரில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாக இருந்தேன்.

அது குளிர் காய்வதற்கு அல்ல. படம் கழுவும் டெவலப்பர் 20 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் நேரக்கணக்கெல்லாம் அந்தச் சூட்டுக்குத்தான். ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் அநேகமாக வேலையே செய்யாது. படம் ஏறாது, கருப்பே வராமல் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். அதனால் ஒரு பெரிய தட்டில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் டெவலப்பர் தட்டை வைப்போம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்ற வேண்டும், அதுதான் என் வேலை. டார்க் ரூமுக்குள் கரி அடுப்பு வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவோம், ஆகவே அடுப்பு எப்போதும் வெளியே, வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில். நீங்கள் குளிர் காய்ந்தது உங்கள் அதிர்ஷ்டம்!

ஒரு விஷயம் கேட்கிறேன். உங்கள் படத்தில் எங்காவது மஞ்சள் பூத்திருக்கிறதா? பழுப்புத் திட்டு உண்டா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், டெவலப் ஆனபிறகு, படம் அழியாமல் நிற்க ஹைப்போ என்ற மருந்துக் கரைசலில் போடுவோம், நீங்கள் சொன்ன மூக்கைத் துளைக்கும் வாடையில் அதுவும் சேர்த்தி. ஹைப்போ காகிதத்துக்குள் ஊறிவிடும். அதை ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரமாவது அலச வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் மலையில் இன்னும் அதிக நேரம். அவசரத்தில் அரைகுறையாக அலசிக் கொடுத்தாலும் கொடுக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. வாங்குகிறவர் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பத்து இருபது வருஷம் கழித்துத்தான் மஞ்சளாகும், அப்போது யார் வந்து கேட்கப் போகிறார்கள்? என் முதலாளி ராத்திரி படங்களைத் தொட்டியில் போட்டு, குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் கையால் புரட்டிக்கொண்டே இருப்பார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நடுவில் தண்ணீர் போகாது. டிசம்பரில் அவர் விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் வரும், வாஸ்லின் தடவிக்கொண்டு மறுபடி கையை விடுவார்.

கலர் வந்ததும் ரோலைக் கோவைக்கு அனுப்பி மிஷினில் பிரிண்ட் போட்டு வாங்கினார்கள். டார்க் ரூமில் பழைய சாமான் போட ஆரம்பித்தோம். அப்புறம் நானும் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

ஊல்நூல் எழுதியது:

இந்துநகர்த் தம்பி சொல்வது வேறு கடை. கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது கீழ்த்தளம், அங்கே பிரேம் போட்டுக் கொடுப்பார்கள், சாமி படம்தான் அதிகம். காந்தல்மழை கேட்பது மாடி ஸ்டுடியோ. பாத்திரக்கடைக்கும் கம்பளி நூல் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய குறுகலான கல் படிக்கட்டு. அந்தப் படுதாவில் தையல் இருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. என் பள்ளித்தோழி ஒரு படுகப் பெண், கல்யாணம் முடிந்து வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியுமாக மாப்பிள்ளையோடு அங்கே வந்து படம் எடுத்தபோது நான்தான் கூடப் போனேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே விழ வேண்டும் என்று அவர் விளக்கை நாலு தடவை மாற்றி வைத்தார்.

நூல் கடையைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. வெளிநாட்டுக் கம்பளி மாதிரி மெத்தென்று இருக்காது, கொஞ்சம் குத்தும். ஆனால் ஒரு நிறத்தில் எத்தனை பந்து வேண்டும் என்று பிள்ளையின் வயதைக் கேட்டே சொல்லிவிடுவார் கடைக்காரர். மிஞ்சினால் திரும்ப எடுத்துக்கொள்வார். ஸ்வெட்டர் பாதியில் நின்று நூல் தீர்ந்துவிட்டால் அதே சாயத்தில் ஒரு பந்து எனக்காக எடுத்து வைத்திருப்பார். ஜூன் மாத மழையில் ஸ்கூல் விட்டு வந்து அம்மாவோடு அங்கே நின்றால், பின்சந்து பேக்கரியில் வர்க்கி வேகும் வாசனை வரும், விறகு அடுப்பு. 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தச் சந்துதான் ஞாபகம் வந்தது. பேக்கரி போய் ரொம்ப நாளாகிறது. நூல் கடை இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் விற்கிறார்கள். மாடியில் மொபைல் கடை என்று கேள்வி.

காந்தல்மழை எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஊல்நூல் அக்கா சொன்ன அடையாளம் அப்படியே சரி. நேற்று முதல் பஸ் பிடித்து மேலே போனேன். படிக்கட்டு அப்படியே இருக்கிறது, பதினாலு படி, நடுவில் எல்லாம் தேய்ந்து குழிந்திருக்கின்றன. மேலே மொபைல் ரிப்பேர் கடை. விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த பையன் வேலையை நிறுத்திவிட்டு உள்ளே கூட்டிப்போனான். கூரை மரத்தில் படுதாச் சுருள் மாட்டிய இரண்டு இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நின்று அவனிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

குன்னூர் அண்ணா, படத்தை வெயிலில் வைத்து, லென்ஸ் வைத்து, ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டேன். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. அம்மாவின் புடவைச் சரிகை, மூக்குத்தி, அப்பா கோட்டின் கழன்ற பித்தான் எல்லாம் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கடைக்குப் பின்னால் டார்க் ரூம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. இடுப்பு உயரம், அடியில் சரிவு, ஒரு மூலையில் தண்ணீர் வெளியே போக ஓட்டை. உடைந்த டிஸ்பிளேக்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எதற்கு இங்கே தொட்டி என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே அவனுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, குழாயைத் திறந்து பார்த்தான். தண்ணீர் வந்தது. கையை நீட்டினேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது.