ராக் குழு ஸ்டுடியோவுக்கு வருகிறது: 20 நிமிட நேரலைப் பேட்டிக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

புதியஅலை:

இணைய வானொலியில் வாரம் ஒரு ராக் நிகழ்ச்சி. இதுவரை பாட்டு, நடுவில் என் பேச்சு, அவ்வளவுதான். இப்போது நாலு பேர் கொண்ட குழு ஒன்று நேரில் வருகிறது. 20 நிமிடம் நேரலை, அதில் ரெண்டு பாட்டை அக்கூஸ்டிக் கிட்டாரோடு பாடுவார்கள். அடுத்த வாரம் வேறொரு பாடகரிடம் போனில் 15 நிமிடம். அதைப் பதிவு செய்து பிறகு ஒலிபரப்பப் போகிறேன்.

கையில் இருப்பது: நாலு மைக் இன்புட் உள்ள சின்ன மிக்சர், மூணு டைனமிக் மைக், ஒரு கண்டென்சர், ரெண்டு ஹெட்ஃபோன்.

நாலு பேருக்கும் எனக்கும் சேர்த்து மைக்கை எப்படிப் பிரிப்பது? ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறவர்களை எப்படிப் பேச வைப்பது? நேரலையில் கெட்ட வார்த்தை விழுந்தால் என்ன செய்வது? போனில் எதிராளிக்குத் தன் குரலே திரும்பக் கேட்குமாமே, அதற்கு வழி? குழுவின் மேலாளர் கேள்விகளை முன்னாடியே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

ஃபேடர்பிரியன்:

மைக் சமாச்சாரம் மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

டைனமிக் மூன்றில் ஒன்று உங்களுக்கு, ஒன்று பாடகருக்கு, ஒன்று அதிகம் பேசக்கூடிய இன்னொரு ஆளுக்கு. மிச்சம் ரெண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து நடுவில் கண்டென்சரை 30, 40 செ.மீ. தள்ளி வையுங்கள். பாட்டு வரும்போது அதே கண்டென்சரைக் கிட்டார் கழுத்தின் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (உலோகக் கோடு) நேராக, 15 முதல் 20 செ.மீ. தூரத்துக்குத் திருப்பிவிடலாம். ஒலித் துளைக்கு நேராக வைத்தால் கீழ்ஸ்தாயி குமுறும், வார்த்தையே கேட்காது. அதனால் ஸ்டாண்டு சுலபமாகத் திரும்புகிற மாதிரி இருக்கட்டும்.

டைனமிக் மைக்கில் வாய்க்கும் மைக்குக்கும் 10 செ.மீ. என்றால், ஒரு மைக்குக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 30 செ.மீ. வேண்டும். இந்த மூன்று மடங்கு கணக்கு தவறினால் ஒரே குரல் ரெண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து, குழாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். எதிரெதிரே உட்காருவது நல்லது. முன்பக்கம் அதிகம் கேட்கிற கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம்தான் காது மந்தம். உங்கள் மைக்கின் முதுகு அவர்களைப் பார்க்க வேண்டும், அவர்களுடையது உங்களை.

திறந்திருக்கிற மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் அறைச் சத்தம் 3 டெசிபல் ஏறும். பாட்டு ஓடும்போது உங்கள் மைக்கை மூடுங்கள். சும்மா இருக்கிறவரின் ஃபேடரையும் (ஒலியளவை ஏற்றி இறக்குகிற நகர்த்தி) இறக்கி வையுங்கள்.

கண்டென்சருக்கு மின்சாரம் தருகிற 48 வோல்ட் பொத்தான் சின்ன மிக்சர்களில் எல்லா சேனலுக்கும் சேர்த்து ஒன்றுதான் இருக்கும். சாதாரண டைனமிக் மைக்குகளை அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஃபேடர்களை இறக்கிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் ஹெட்ஃபோனில் இருப்பவர் காதில் இடி விழும்.

லெவல் பார்க்கும்போது எல்லாரும் செய்கிற தப்பு, பாடகரை ‘ஹலோ, ஒன், டூ’ சொல்லவைத்துப் பார்ப்பது. பாட்டின் உரத்த இடத்தைப் பாடச் சொல்லுங்கள். அதில் மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத மாதிரி கெய்ன் (மைக் ஒலியைப் பெருக்குகிற அளவு) வையுங்கள். நேரலையில் ஆவேசம் வந்து இன்னும் சில டெசிபல் ஏற்றிப் பாடத்தான் செய்வார்கள். பேச்சுக்கு ஒரு கெய்ன், பாட்டுக்கு ஒரு கெய்ன் என்று குமிழில் டேப் ஒட்டி ரெண்டு கோடு போட்டுக்கொண்டால் நடுவில் தடுமாற வேண்டாம். ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்காக இருந்தால் 60 டெசிபல் அளவுக்கு கெய்ன் கேட்கும். மலிவு மிக்சரில் அந்த அளவுக்கு ஏற்றினால் ‘ஸ்ஸ்’ சத்தமும் கூடவே வரும்.

ராக் ஆட்களுக்கென்றே சில சத்தங்கள் உண்டு. தோல் ஜாக்கெட் ஒவ்வொரு அசைவிலும் கிறீச்சிடும். மோதிரமும் சங்கிலியும் மேசையில் தட்டும். டிரம்மர் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, பேசும்போதும் விரல் தாளம் போடும், மேசையில் கவ்விய மைக் ஸ்டாண்டு வழியாக அது ‘தொம் தொம்’ என்று ஏறும். மேசைமேல் தடிமனான துணி விரித்து, கீழ்ஸ்தாயியை வெட்டுகிற 80 ஹெர்ட்ஸ் லோ-கட் பொத்தானையும் போட்டுவிடுங்கள். ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. தண்ணீர் வையுங்கள், ஐஸ் வேண்டாம். கிளாஸில் ஐஸ் உருள்வது கண்டென்சருக்கு அப்படியே கேட்கும்.

ஹெட்ஃபோன் ரெண்டு போதும், உங்களுக்கும் பாடகருக்கும். ஒரே அறையில் பேசிக்கொள்கிறவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் ஸ்பீக்கர் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். ஒரு காதை மட்டும் மூடிப் பாடுவது பாடகர்கள் வழக்கம். திறந்திருக்கிற இன்னொரு கப்பைத் தலையோடு அழுத்தி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறும்.

பிசைடு:

கேள்விப் பட்டியல் அனுப்ப வேண்டாம். எந்தெந்த விஷயம் பேசுவீர்கள் என்று நாலு வரி அனுப்புங்கள், போதும். பட்டியல் கைக்குப் போனால் எழுதி ஒப்பித்த பதில்தான் வரும். ‘இதைக் கேட்காதீர்கள்’ என்று அவர்கள் சொன்னால் அதை மதியுங்கள், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குழுவை விட்டுப் போன ஆளைப் பற்றியோ, நடக்கிற வழக்கைப் பற்றியோ இருக்கும்.

ஒற்றை வார்த்தைப் பதிலுக்குப் பாதிக் காரணம் கேள்விதான். ‘இந்த ஆல்பம் முந்தையதைவிடக் கனமாக இருக்கிறதே?’ என்றால் ‘ஆமாம்’ என்பதோடு கதை முடிந்தது. ‘ரெண்டாவது பாட்டில் டிரம்ஸ் தூரத்தில் கேட்கிறது, எந்த மாதிரி அறையில் பதிவு செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் இசைக்காரர் பேசுவார். பெயர்க் காரணம், யார் பாதிப்பு, பாட்டின் அர்த்தம் மூன்றையும் அவர்கள் அன்றைக்கே ஐந்து இடத்தில் சொல்லி அலுத்திருப்பார்கள். ரெண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிக் கேட்காதீர்கள், சுலபமானதற்கு மட்டும்தான் பதில் வரும்.

2007இல் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் ஐஸ்லாந்துக் குழு சிகுர் ரோஸ் கொடுத்த பேட்டியைத் தேடிக் கேளுங்கள். தொகுப்பாளர் எதைக் கேட்டாலும் ரெண்டு மூணு வார்த்தை, அப்புறம் மௌனம். மோசமான பேட்டிக்கு உதாரணம் என்று இணையமெங்கும் சுற்றியது. பதிலுக்கு இடமே இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு, மௌனம் வந்ததும் பதறினால் அப்படித்தான் போய் முடியும்.

மௌனம் வந்தால் மூணு விநாடி பொறுங்கள். முழுப் பதில் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். ‘டெட் ஏர்’ என்று பயப்படத் தேவையில்லை, மூணு விநாடியில் நேயர் ஓடிவிடமாட்டார்.

அதற்கும் மசியாதவருக்குக் கேள்வியை விட்டுவிட்டு வேலை கொடுங்கள். 1974 செப்டம்பர் 28 அன்று ஜான் லெனன் நியூயார்க்கின் டபிள்யூஎன்இடபிள்யூ எஃப்எம்முக்குப் புது ஆல்பம் பற்றிப் பேச வந்தார். தொகுப்பாளர் டெனிஸ் எல்சாஸ் அவரை டிஜே ஆக்கிவிட்டார். லெனன் வானிலை வாசித்தார், விளம்பரம் வாசித்தார், தான் கொண்டுவந்த ரெக்கார்டுகளை அறிமுகம் செய்து போட்டார். ‘உங்களுக்குப் பிடித்த மூணு பாட்டுச் சொல்லுங்கள், போடுகிறேன்’ என்று முதல் நாளே கேட்டு வாங்கி வைத்தால் உங்களுக்கும் அது நடக்கும். ஏன் அந்தப் பாட்டு என்று கேட்டாலே ரெண்டு நிமிடம் ஓடும். அடுத்தவர் பாட்டைப் புகழும்போது யாருக்கும் கூச்சம் இருக்காது.

கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பேட்டியாளர் நார்ட்வார் வேறு ரகம். விருந்தாளியே மறந்துபோன பழைய ரெக்கார்டைத் தேடி எடுத்துக் கையில் கொடுப்பார். அந்த அளவுக்குத் தேடுவது உங்களால் முடியாது என்றால், அவர் பாணியைப் பாதி மட்டும் எடுத்துச் செய்யாதீர்கள். தகவல் தப்பாக இருந்தால் பேட்டி அங்கேயே படுத்துவிடும்.

20 நிமிடத்துக்கு ஒரு கணக்கு: அறிமுகம் 1, பேச்சு 4, பாட்டு 4, பேச்சு 5, பாட்டு 4, முடிவுரை 2. ரெண்டாவது பாட்டுக்குச் சுருதி சேர்க்கிற நேரத்தை முதலிலேயே யோசித்து வையுங்கள். குளிரூட்டிய அறையில் கிட்டார் சுருதி நழுவும். கிட்டார்காரர் சரிசெய்கிறபோது பேஸ் வாசிக்கிறவரிடம் பேசுங்கள். நாலு குரலில் எது யாருடையது என்று நேயருக்குத் தெரியாது, கேள்வியைப் பெயரோடு தொடங்குங்கள். பாதியில் வந்து சேர்கிறவருக்காக 8, 10 நிமிடத்துக்கு ஒருமுறை குழுவின் பெயரையும் சொல்லுங்கள்.

நேரலைக்காவல்:

கெட்ட வார்த்தை விஷயத்தில் இணைய வானொலிக்காரர்கள் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்: ‘நேயருக்கு 20, 30 விநாடி தாமதமாகத்தானே போகிறது, அதற்குள் வெட்டிவிடலாம்.’ முடியாது. ஒலியை இணையத்துக்கு அனுப்புகிற என்கோடருக்குள் போனது போனதுதான். வெட்டவேண்டிய தாமதம் மிக்சருக்கும் என்கோடருக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கென்று மென்பொருளும் உண்டு, தனிப் பெட்டியும் உண்டு. வானொலியில் 7 விநாடி என்பது பழைய வழக்கம். 8 வைத்துக்கொள்ளுங்கள்.

‘டம்ப்’ பொத்தானை அழுத்தினால் தேங்கியிருக்கிற 8 விநாடியும் காலியாகி நேரலைக்குத் தாவிவிடும். அதாவது அந்த நொடியிலிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு பூஜ்யம். ஒரு வார்த்தையை விட்டவர் சிரித்துக்கொண்டே இன்னொன்றை விடுவது அப்போதுதான். சில கருவிகள் பேச்சை 5 சதவீதம் இழுத்துத் தாமதத்தை மறுபடி சேர்க்கும். அதற்கு 160 விநாடி ஆகும். பாட்டில் அந்த இழுவை காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட, டம்ப் அழுத்தியதும் தாமதக் கருவிக்குப் பின்னால் 8 விநாடி ஜிங்கிள் ஓடவிட்டால் அது முடிவதற்குள் தாமதம் நிரம்பிவிடும். பொத்தானைப் பேட்டி எடுக்கிறவர் கையில் கொடுக்காதீர்கள், இன்னொரு ஆள் வேண்டும்.

ஹெட்ஃபோனுக்குத் தாமதத்துக்கு முந்தைய ஒலியைக் கொடுங்கள். தன் குரல் 8 விநாடி கழித்துக் கேட்டால் யாராலும் பேச முடியாது. கூட வந்த நண்பர் போனில் உங்கள் வானொலியைத் திறந்து வைப்பார், அதையும் அணைக்கச் சொல்லுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்களுக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசப் பேச்சுக்குத் தடை. உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்து, மைக் திறக்கும் முன்பே ஒரே வாக்கியத்தில் குழுவிடம் சொல்லிவிடுங்கள். உசுப்பேற்ற மட்டும் வேண்டாம். 1976 டிசம்பர் 1 அன்று பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சியின் மாலை நேரலையில் தொகுப்பாளர் பில் கிரண்டி, பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸைச் சீண்டி, இன்னும் ஏதாவது சொல்லுங்கள் என்று தூண்டினார். அவர்களும் சொன்னார்கள். கிரண்டி ரெண்டு வாரம் இடைநீக்கம் ஆனார்.

புதியஅலை:

மூவருக்கும் நன்றி. போன் பேட்டி பற்றி யாராவது? அப்புறம், ‘நான் இன்னார், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது இந்த வானொலி’ என்று சொல்லவைத்துப் பதிவு செய்வதை எப்போது கேட்பது?

ஃபேடர்பிரியன்:

எதிரொலிக்குத் தீர்வு மிக்ஸ்-மைனஸ், அதாவது எதிராளியின் குரலை மட்டும் கழித்து மற்றதை அவருக்கு அனுப்புவது. மிக்சரில் ஒலியைத் தனி வழியில் வெளியே அனுப்புகிற ஆக்ஸ் குமிழ் இருக்கும். உங்கள் மைக் சேனலில் அதை ஏற்றுங்கள், போன் வருகிற சேனலில் மட்டும் முழுசாக இறக்குங்கள். ஆக்ஸ் வெளியீட்டைப் போனின் மைக் வழியில் செருகுங்கள். இப்போது பாடகருக்கு உங்கள் குரல் மட்டும் போகும், அவர் குரல் திரும்பாது. போன் எதிர்பார்ப்பது மைக் அளவுச் சிக்னல். மிக்சரிலிருந்து நேராகக் கொடுத்தால் குரல் உடையும், நடுவில் ஒலியைக் குறைக்கிற அடாப்டர் வேண்டும். ஆக்ஸை ப்ரீ-ஃபேடரில் (ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கிற நிலை) வைத்தால் மைக் ஃபேடரைத் திறக்காமலே அவரோடு பேசிக்கொள்ளலாம்.

சாதாரணப் போன் அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். அதனால்தான் குரல் தகர டப்பாவில் கேட்கிற மாதிரி இருக்கிறது. பதிவு நிகழ்ச்சி என்பதால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது: பாடகரை இன்னொரு போனில் தன் குரலைத் தானே பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அவர் ஒரு கைதட்டல் போட்டால் ரெண்டு பதிவையும் பொருத்துவது சுலபம். ரெண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பத்து லட்சத்தில் 50 பங்கு விலகினாலும் ஒரு மணி நேரத்துக்கு 0.18 விநாடிதான் வித்தியாசம். 15 நிமிடத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிசைடு:

போன் பேட்டி நாளில் அவர் வரிசையாகப் பல பேருக்குப் பேசிக்கொண்டிருப்பார். முந்தையது இழுக்கும், 15 நிமிடம் என்றால் 12 கிடைத்தாலே பெரிது. மேலாளரும் இணைப்பில் கேட்டுக்கொண்டிருந்து, ‘கடைசிக் கேள்வி’ என்று நடுவில் நுழைவார். ஆகவே உங்கள் ஆகச் சிறந்த கேள்வியை மூன்றாவதாக வையுங்கள், கடைசியில் வைத்தால் அது உங்களிடமே தங்கிவிடும். கேள்வியை அழுத்தமாக முடித்துவிட்டு நிறுத்துங்கள். இணைப்புத் தாமதத்தில் ‘ம்ம்’, ‘ஆமா’ எல்லாம் அவர் பேச்சின் மேலேயே விழும்.

நிலைய அறிவிப்பை எல்லாம் முடிந்த பிறகு வாங்குங்கள். அப்போதுதான் குரலில் உற்சாகம் இருக்கும்.

நேரலைக்காவல்:

அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பேட்டி முடிந்த நொடியில் மேலாளர் குழுவை வெளியே கூட்டிக்கொண்டு போயிருப்பார். தொடக்கத்தில் லெவல் பார்க்கும்போதே வாங்கிவிடுங்கள். 8 விநாடிக்கான வாசகத்தைப் பெரிய எழுத்தில் எழுதி முன்னால் வையுங்கள். மூணு முறை சொல்லச் சொல்லுங்கள், ஒன்றில் நிகழ்ச்சிப் பெயரே வேண்டாம், பிற்பாடு நிகழ்ச்சியின் பெயர் மாறினாலும் அது பயன்படும். தங்கள் பெயரை அவர்களே உச்சரிப்பதும் அதில் பதிவாகிவிடும், நீங்கள் தப்பாகச் சொல்கிற ஆபத்து போகும்.

இன்னொன்று: தாமதக் கருவிக்கு முன்னால் தனி ரெக்கார்டரில் ஒரு பிரதி ஓடட்டும். ஒலிபரப்பிலிருந்து எடுத்தால் டம்ப் போட்ட இடத்தில் ஓட்டை இருக்கும். அந்த ரெண்டு பாட்டையும் பிறகு இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் குழுவிடமும் அவர்கள் லேபிளிடமும் (பாட்டை வெளியிடுகிற நிறுவனம்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவர்கள் வேறு யாருடைய பாட்டையாவது பாடினால், நேரலைக்கு நிலையம் கட்டுகிற உரிமத்தொகை அந்தப் பதிவேற்றத்துக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாட்டை எழுதியவர் பக்கத்து அனுமதி பெரும்பாலும் தனியாக வேண்டியிருக்கும்.