காடாத் தறியில் காஸ் துணி நெய்து அரசு மருத்துவமனை டெண்டருக்குப் போக என்னென்ன வேணும்?

சோமனூர்த்தறி:
வணக்கமுங்க. 24 விசைத்தறி, இதுவரைக்கும் கூலிக்குக் காடாதான் (வெளுக்காத துணி). இனி காயத்தில் வைக்கிற காஸ் துணியும் பேண்டேஜ் ரோலும் நெய்து, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு (டி.என்.எம்.எஸ்.சி.) நேரடியாக் கொடுக்கலாம்னு உத்தேசம். வெளுப்பு வெளியேதான், ஜாப் ஒர்க். டெண்டருக்கு முன்னாடி என்ன லைசென்ஸ் வேணும், துணி எதில் ஃபெயில் ஆகும், சரக்கு இறக்கினா பணம் எப்ப வரும்? விவரமாச் சொல்லுங்க.

பெருந்துறைக்கோப்பு:
அண்ணா, இதில் ரெண்டு வழி தனித்தனியாப் போகுதுங்க. கழகம் உங்க துணியை வாங்கறது ஒப்பந்தப்படி. அந்தத் துணியை நீங்க தயாரிக்கலாமாங்கறது மருந்துச் சட்டப்படி. 1994-ல் தொடங்கின கழகம் லைசென்ஸ் தராது. லைசென்ஸ் தர்ற மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆர்டர் தராது. ஒரு பக்கம் கிடைச்ச அனுமதியை இன்னொரு பக்கம் காட்டித் தப்ப முடியாது.

காயத்தில் வைக்கிற துணி 2017 மருத்துவ உபகரண விதிகளுக்குள் வரும். ஏ, பி, சி, டி என நாலு வகை. முதல் ரெண்டுக்கும் லைசென்ஸ் மாநிலத் துறையிடமே. விண்ணப்பம் எம்.டி.3, கைக்கு வர்றது எம்.டி.5. அதுக்குக் காலாவதி கிடையாது, 5 வருஷத்துக்கு ஒருக்கா தக்கவைப்புக் கட்டணம் கட்டணும். உங்க சரக்கு எந்த வகைன்னு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் பேரைத் தேடிப் பாருங்க. கிருமி நீக்கின பாக்கெட்டும் நீக்காத ரோலும் ஒரே வகைன்னு எடுத்துக்க வேண்டாம். ஏ வகையில் கிருமி நீக்காத, அளவீடு செய்யாத பொருளுக்குப் பதிவு மட்டும் போதும்னு 2022-ல் திருத்தம் வந்திருக்கு. ஆனா டெண்டர் ஆவணம் லைசென்ஸ் நகல்தான் வேணும்னு கேட்டிருந்தா, "சட்டத்தில் தேவையில்லை"ன்னு கடிதம் வெச்சா முதல் (தொழில்நுட்பக்) கவரிலேயே நின்னுடும். டெண்டருக்கு முந்தின கூட்டத்தில் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்க.

டெண்டர் நடைமுறை 1998 ஒளிவுமறைவற்ற டெண்டர் சட்டமும் 2000 விதிகளும்தான். மதிப்பு 2 கோடி வரைன்னா குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேலேன்னா 30 நாள் அவகாசம் தரணும். குறைச்சா மேலதிகாரி காரணத்தை எழுதி வெக்கணும். ரெண்டு கவர். தொழில்நுட்பக் கவரில் தேறினவங்க விலைக் கவரை மட்டும்தான் திறப்பாங்க. முடிவில் குறை இருந்தா, உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு. அந்தப் 10 நாளை விடாதீங்க. இன்னொன்னு, அந்தச் சட்டத்தின் பிரிவு 16 சில கொள்முதலை டெண்டரிலிருந்தே விலக்கி வெக்குது. அதனால நீங்க நெய்ய நினைக்கிற ரகம் இப்ப டெண்டர் பட்டியலில் இருக்கான்னு பார்த்த பிறகு தறியில் கை வையுங்க.

ஈரோடுவெளுப்பு:
துணி விஷயம் நான் சொல்றேங்க. காஸ் துணியில் ஃபெயில் ஆகறது பெரும்பாலும் தறியில் இல்லை, வெளுப்புத் தொட்டியில்.

நம்ம பக்கத்து வெளுப்புப் பட்டறைகள் பனியன் துணிக்கும் வேட்டிக்கும் பழகினவை. அதுக்கு வேண்டியது கண்ணைப் பறிக்கிற வெள்ளை. காஸ் துணிக்கு வேண்டியது தண்ணி குடிக்கிற குணம். பஞ்சில் இருக்கிற மெழுகு போனாத்தான் தண்ணி இறங்கும். அதை எடுக்கறது காஸ்டிக் சோடாக் கொதி. பெராக்சைடு தர்றது வெள்ளை. கொதியை அரைகுறையா விட்டுட்டுப் பெராக்சைடைக் கூட்டினா பளிச்சுன்னு இருக்கும், தண்ணியில் போட்டா மிதக்கும். சுமார் ஒரு கிராம் துணியை அகலமான கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணி மேலே மெதுவா விட்டா 10 வினாடிக்குள் மூழ்கணும். உலர்த்தும்போது சூடு அதிகமானாலும், குடோனில் நாளானாலும் மிச்ச மெழுகு மேலே ஏறி நேரம் கூடும். அதனால வந்த அன்னிக்கு ஒருக்கா, மூணு வாரம் கழிச்சு ஒருக்கா பாருங்க. கடைசி அலசில் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். கைக்கு மிருதுவா இருக்கும், ஆனா தண்ணி குடிக்காது, ஈதரில் கரையும் பொருள் (மிச்ச மெழுகு, எண்ணெய்) சோதனையிலும் மாட்டும்.

அடுத்தது கஞ்சி. பாவுக்கு (நீளவாட்டு நூல்) நெசவுக்கு முன்னாடி சைசிங்கில் போட்ட மாவு முழுசாப் போகணும். துணியைத் தண்ணியில் கொதிக்க வெச்சு, ஆறினதும் அந்தத் தண்ணியில் அயோடின் ரெண்டு சொட்டு விடுங்க. நீலமோ ஊதாவோ தட்டினா கஞ்சி மிச்சம், திரும்பக் கஞ்சி எடுக்கணும்.

நெசவுக் கணக்கை வெளுத்த பிறகுதான் எடுக்கணும். வெளுக்கும்போது துணி சுருங்கி இழை நெருங்கும். உலர்த்தற இடத்தில் நீளத்துக்கு இழுத்துட்டா ஊடை (குறுக்கு நூல்) எண்ணிக்கை குறைஞ்சுடும். 10 செ.மீ.க்கு இத்தனை பாவு, இத்தனை ஊடைன்னு ஆவணம் கேட்கும். காடாவில் சரியா இருந்தது முடிவில் ரெண்டு இழை குறைஞ்சு நிற்கறது இந்த இழுப்பால்தான். சதுர மீட்டர் எடையும் கூடவே இறங்கும். அஞ்சாறு இடத்தில் எண்ணுங்க, ஓரத்தில் மட்டும் எண்ணாதீங்க.

சோமனூர்த்தறி:
ரொம்ப நன்றிங்க. வெள்ளைக்காக டினோபால் (ஒளிரும் வெளிர்ப்பான்) கலந்திருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஈரோடுவெளுப்பு:
இருட்டு அறையில் யு.வி. விளக்கு. ரூபாய் நோட்டு பார்க்கிற விளக்கே முதல் சோதனைக்குப் போதும். நல்ல காஸ் லேசாப் பழுப்பு கலந்த ஊதாவாத் தெரியும். துணி முழுக்க நீலமா ஒளிர்ந்தா வெளிர்ப்பான் இருக்குன்னு அர்த்தம், அந்த லாட் தேறாது. பட்டறைக்காரர் போடலைன்னு சத்தியமாச் சொல்வார், அது உண்மையாவும் இருக்கும். முந்தின நாள் அதே தொட்டியில் பனியன் துணி ஓடியிருந்தா மிச்சம் ஒட்டிக்கும். தொட்டியை வெந்நீர் விட்டுக் கழுவின பிறகுதான் நம்ம துணி இறங்கணும்னு ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தில் எழுதிக்குங்க.

அந்தப் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு நடப்பில் இருக்கான்னும் பாருங்க. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு செய்யாத திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆர்டர் நடுவில் பட்டறை மூடினா, தாமதத்துக்கான அபராதம் உங்க தலையில்தான் விழும்.

பெருந்துறைக்கோப்பு:
சரக்குப் போன பிறகு நடக்கிறதைச் சொல்றேங்க. மாவட்டக் கிடங்குகளில் இறக்கினதும் ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுப்பாங்க. கம்பெனி பேரை மறைச்சு, குறியீட்டு எண் போட்டு, கழகம் தேர்ந்தெடுத்த ஆய்வகத்துக்குப் போகும். தேறின பேட்ச்தான் மருத்துவமனைக்கு வெளியாகும். தேறாததை உங்க செலவில் திரும்ப எடுக்கணும். திரும்பத் திரும்பத் தேறாட்டி கறுப்புப் பட்டியல்.

அதனால பேட்ச் எண்ணை யோசிச்சுப் போடுங்க. ஒரே தொட்டியில் ஒரே தடவை வெளுத்தது ஒரு பேட்ச். மூணு தொட்டித் துணியைக் கலந்து ஒரே எண் குத்தினா, ஒரு தொட்டியின் கோளாறுக்கு மூணும் திரும்பி வரும். "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" முத்திரை இருக்கிற சரக்கை வெளியே விற்கவும் முடியாது.

மருந்து ஆய்வாளர் எடுக்கிற மாதிரி இதிலிருந்து வேற. அது சட்டப்படி எடுக்கிறது. அரசுப் பகுப்பாய்வாளர் அறிக்கையை மறுக்கணும்னா நகல் கிடைச்ச 28 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கணும். கழகத்தின் ஆய்வக முடிவை எதிர்க்கிற வழி ஒப்பந்தப் பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும்.

பணத்துக்கு: நீங்க குறு அல்லது சிறு நிறுவனமா இருந்தா 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. சரக்கு இறங்கின 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரலைன்னா இறங்கின நாளே ஏற்பு நாள். அதனால கிடங்கு ரசீதில் தேதியும் முத்திரையும் இல்லாமல் லாரியைத் திருப்பாதீங்க. உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனமுன்னு அரசிடம் செய்யற பதிவு) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே இருக்கணும். வசூலுக்கான மனுவை ஆன்லைனில் போடலாம், அதை விசாரிக்கிற, நம்ம பகுதிக்கான வசதிக் குழு கோவையிலேயே இருக்கு.