புதுப்பிப்பு: கபாலபாதியும் தலைசுற்றலும்

மூன்று வாரங்களுக்கு முன், உடற்பயிற்சிக் கூடத்தின் ‘பவர் யோகா’ வகுப்பில் கபாலபாதி (வயிற்றைச் சுருக்கி மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்தபோது விரல்கள் மரத்து, உதடு குறுகுறுத்து, தலை சுற்றியதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். அதன் பின் நடந்தது இது.

பயிற்றுநர் அன்று ‘சக்தி ஏறுகிறது’ என்றார். மருத்துவரோ, வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, காரத்தன்மை கூடி, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது என்றும், கால்சியம் அயனிகள் குறைவதால் விரல்கள் மரத்துப்போகின்றன என்றும் விளக்கினார். ஆக்சிஜன் கூடியதால் வந்த கிறுகிறுப்பு என்றே நான் நம்பியிருந்தேன். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதியையும், மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவையும் தவிர்ப்பதே முறை. எங்கள் சேர்க்கைப் படிவத்தில் கேட்டதோ உயரமும் எடையும் மட்டுமே.

சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் போல மூச்சையும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும், இல்லையேல் அது பயில்பவரையே கொல்லும் என்று 15ஆம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையே எச்சரிக்கிறது. எங்களுக்கோ பாட்டின் தாளத்துக்கு நிமிடத்துக்கு 120 முறை!

தியானத்தின்போது பதற்றம் கூடுகிறதே என்று என் முந்தைய பதிவில் கேட்ட நண்பருக்கு: கண்மூடி அமர்ந்தால் பதற்றம் கூடுவது சிலருக்கு உண்டு, அப்போது கண்ணைத் திறந்து எழுந்துவிடுவதில் தவறில்லை.

வகுப்பை நான் விடவில்லை. கபாலபாதியின்போது ஓரமாக அமர்ந்து, மூச்சை அடக்காமல் நாடி சுத்தி (மூக்கின் இரு துளைகளிலும் மாறி மாறி மெதுவாக மூச்சு விடுவது) செய்கிறேன். முதலில் முகம் சுளித்த பயிற்றுநர், போன வாரம் அவராகவே இன்னும் இருவரை என் பக்கத்தில் உட்காரவைத்தார்.