2022-க்குப் பிறகு கொரங்காட்டில் பசுமையே இல்லையாம்! உதவி தேவை

செம்மண்காடு:
அவசரம். தாராபுரம் பக்கம் சில கொரங்காடுகளுக்கு (மரமும் புல்லும் சேர்ந்த மேய்ச்சல் காடு) செயற்கைக்கோள் படத்திலிருந்து என்டிவிஐ (பசுமையைக் காட்டும் குறியீடு) போட்டேன். 2022 தொடங்கியதும் கோடு பொத்தென்று விழுந்து அப்படியே கிடக்கிறது. நேரில் போனால் மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப் புல் நன்றாகத்தான் நிற்கிறது. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கணும். என்ன செய்ய?

பட்டிக்காரன்:
எந்தச் செயற்கைக்கோள்? எந்த மாதம்? எதில் போட்டீங்க?

கார்மேகம்:
மேகம்தான். ஐப்பசி, கார்த்திகைப் படம் என்றால் பாதி மேகம், மீதி அதன் நிழல். மறைத்தீர்களா?

வெள்வேல்:
மேகமென்றால் விழுந்து எழும், வருடக்கணக்கில் கிடக்காது. வெள்வேல மரங்களை வெட்டியிருப்பார்கள். படத்தின் 10 மீட்டர் கட்டத்துக்குள் மரமும் புல்லும் கலந்துதானே வரும்?

ஜிஐஎஸ் மூத்தவன்:
தம்பி, அடிப்படை தெரியாமல் அறிக்கை எழுதக் கிளம்பினால் இப்படித்தான். புல் அடர்த்தியில்லாமல் நிற்கும் செம்மண்ணில் எஸ்ஏவிஐ (மண்ணின் தாக்கத்தைக் குறைத்த பசுமைக் குறியீடு) போடு என்று இங்கே எத்தனை முறை சொல்வது? பழைய இழைகளைத் தேடிப் படிக்கவும்.

பட்டிக்காரன்:
2021-லும் அதே செம்மண்தானே ஐயா?

செம்மண்காடு:
சென்டினல்-2, கூகுள் எர்த் எஞ்சின். எல்லா மாதமும். மேகம் நீக்கியாச்சு. மரம் யாரும் வெட்டவில்லை.

எண்கணக்கு:
பழைய எஸ்2_எஸ்ஆர் படத்தொகுப்பா? 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூட்டித் தருகிறது. என்டிவிஐ என்பது அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. அந்த 1000-ஐக் கழிக்காவிட்டால் மேலே உள்ள வித்தியாசம் மாறாது, கீழே உள்ள கூட்டுத்தொகை மட்டும் 2000 ஏறிவிடும். சிவப்பு 1200, அகச்சிவப்பு 3000 என்று வையுங்கள்: 0.43 வர வேண்டியது 0.29 ஆகும். பெயர்க் கடைசியில் ஹார்மனைஸ்டு என்றிருக்கும் தொகுப்புக்கு மாறுங்கள். அதில் கழித்தே வைத்திருக்கிறார்கள்.

ஜிஐஎஸ் மூத்தவன்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

வெள்வேல்:
சரி. பங்குனியில் காய்ந்து நிற்கும் புல்லும் ஆட்டுக்குத் தீவனம்தான். அது என்டிவிஐ-யில் வருமா?

கார்மேகம்:
வராது. குறுஅலை அகச்சிவப்பு, 11, 12-ஆம் பட்டைகளைப் பாருங்கள். 20 மீட்டர் கட்டம்தான்.

வெள்வேல்:
எந்தப் பட்டையானாலும், சதுர மீட்டர் சட்டம் போட்டுப் புல்லை அறுத்து, காயவைத்து எடை போடாமல் மேய்ச்சல் கணக்கு வராது.

பட்டிக்காரன்:
அத்தனை ஏக்கரையும் யார் அறுப்பது? கூலி நீங்க தருவீங்களா?

வெள்வேல்:
மரத்தடியில் சில இடம், வெட்டவெளியில் சில இடம் போதும். இல்லையென்றால் சீமைக் கருவேலம் ஏறிய காட்டை முதல்தர மேய்ச்சல் என்று எழுதிவைப்பீர்கள்.

பட்டிக்காரன்:
அதன் காயையும் ஆடு தின்னும்.

வெள்வேல்:
தின்னும். புழுக்கையோடு விதை அடுத்த காட்டுக்கும் போகும்.

செம்மண்காடு:
ஹார்மனைஸ்டு போட்டேன், கோடு சரியாகிவிட்டது. நன்றி எண்கணக்கு.

வெள்வேல்:
மரத்தையும் புல்லையும் பிரித்தீர்களா?