தெரிந்தவர்களிடம் வேலை கேட்பது தவறா?

கோத்தகிரி மழை:
வணக்கம். இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் 11 வருடம் சூப்பர்வைசராக இருந்தேன், போன மாதம் மூடிவிட்டார்கள். ஆன்லைனில் நிறைய விண்ணப்பித்தேன், ஒரு போன்கூட வரவில்லை. பிளஸ் டூதான் படித்திருக்கிறேன். தெரிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, சிபாரிசில் போனான் என்று பேச்சு வருமோ என்று.

குன்னூர் அக்கா:
தம்பி, வேலை கொடுங்கள் என்று கேட்டால்தான் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம்; எங்கே ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்தால் யாரும் சொல்வார்கள். நெருங்கிய சொந்தத்தோடு நிறுத்தாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இலேயே இதை எழுதினார்: அதிகம் பழகாதவர்கள் வழியாகத்தான் புதுச் செய்தி வருகிறது. இலை ஏற்றி வந்த லாரி டிரைவர், மெஷின் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக், குன்னூர் ஏலத்துப் புரோக்கர், இவர்கள் எல்லாம் பத்து ஃபேக்டரி வாசல் ஏறி இறங்குகிறவர்கள். முதலில் அவர்களுக்குப் போன் போடுங்கள்.

ஊட்டிக்காரன்:
அக்கா சொன்னது சரி. அப்புறம் பயோடேட்டாவில் வெறுமனே சூப்பர்வைசர், 11 வருடம் என்று போடாதீர்கள் அண்ணா. வாட்டிய இலையைக் கையில் பிடித்தே பதம் சொல்வீர்கள்தானே, அதை எழுதுங்கள். சீசனில் எத்தனை பேரை வைத்து ஷிப்ட் ஓட்டினீர்கள், மழையில் கரண்ட் போன இரவில் இலை கெடாமல் எப்படிக் காப்பாற்றினீர்கள், எல்லாம். நான் ரிசார்ட்டுக்கு ஆள் எடுக்கிறேன், டிகிரியைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கோத்தகிரி மழை:
மிக்க நன்றி. ஒரு டிரைவர் அண்ணனிடம் இப்போதுதான் பேசினேன். கட்டபெட்டு பக்கம் நைட் ஷிப்டுக்கு ஆள் கேட்கிறார்களாம், நாளைக் காலை போகிறேன்.